தள்ளுபடி என்று அப்பா சொன்னார்

எங்கள் ஊரில் தள்ளுபடி என்பது நல்ல வார்த்தை. பட்டுக்கடை வாசலில் அதைப் பெரிதாக எழுதித் தொங்கவிட்டால்தான் கூட்டம் வரும். ஆடி, தீபாவளி, பொங்கல் என்று ஏதாவது ஒரு சாக்கில் வருஷத்தில் பாதி நாள் அது தொங்கிக்கொண்டே இருக்கும். நான் வேலை பார்க்கும் கடையில் வாசலுக்கு மேலே அதற்கென்றே ஒரு பலகை உண்டு. சுவிட்சைப் போட்டால் சிவப்பாக எரியும். தறி நெய்கிற வீடுகளில் அந்த வார்த்தைக்கு இன்னும் கொஞ்சம் மரியாதை அதிகம். நெசவாளர் சொசைட்டிக் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்றால், தலையிலிருந்த சுமையை இறக்கி வைத்துவிட்டார்கள், இனி யாரும் வந்து கேட்க மாட்டார்கள் என்று அர்த்தம். எங்கள் அப்பாவுக்குத் தெரிந்தது இந்த இரண்டு அர்த்தமும்தான். கோர்ட்டில் அதற்கு வேறொரு அர்த்தம் இருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா செத்துப் பல வருஷம் கழித்து, ஒரு ஜன்னலுக்கு முன்னால் நின்று நான் அதைத் தெரிந்துகொண்டேன்.

எல்லாம் என் வீட்டுக்காரருக்கு வந்த ஒரு வேலையால் ஆரம்பித்தது. அவர் எலக்ட்ரீஷியன். மஸ்கட்டில் ஒரு கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள், குடும்பத்தையும் கூட்டிப் போகலாம் என்று தகவல் வந்தது. எங்களுக்கு ஒரே பையன், இரண்டாம் வகுப்பு படிக்கிறான். மஸ்கட் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் இந்த ஊரை விட்டுப் போகலாம் என்று கேட்டதும் அன்றைக்கே பெட்டி கட்டத் தயாராக இருந்தேன். குடும்ப விசாவுக்குக் கல்யாணம் பதிவு செய்த சான்றிதழ் வேண்டும் என்றார்கள். எங்களுடையது குலதெய்வக் கோயிலில் தாலி கட்டி, வீட்டிலேயே சாப்பாடு போட்டு முடித்த கல்யாணம். பதிவு செய்திருக்கவில்லை.

பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்த ஓர் அதிகாரி அம்மா, உங்களுக்கு இது முதல் கல்யாணமா என்று என்னைக் கேட்டார். இல்லை, இரண்டாவது என்றேன். முதல் கணவர் இறந்துவிட்டாரா என்று கேட்டார். அப்படி ஏதாவது நல்லது நடந்திருந்தால் நான் ஏன் இப்படி இருக்கப் போகிறேன் என்று வாய்வரை வந்துவிட்டது. விவாகரத்து என்று மட்டும் சொன்னேன். அப்படியானால் கோர்ட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் வேண்டும், அது இல்லாமல் பதிவு செய்ய முடியாது என்றார். வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. எனக்குப் பயம் வந்தால் முதலில் கோபம்தான் வரும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த வீட்டுக்காரரிடம், இதையெல்லாம் முன்னாடியே விசாரிக்க மாட்டீர்களா என்று எரிந்து விழுந்தேன். என் கோபம் எங்கிருந்து கிளம்புகிறது என்று அவருக்குத் தெரியும்.

இதில் அவர் என்று நான் சொன்னால் என் வீட்டுக்காரர். அவன் என்றால் முதல் ஆள்.

அவன் மாகறலுக்குப் பக்கத்து ஊர்க்காரன். நெசவில் கெட்டிக்காரன். வெளியாட்களிடம் அவ்வளவு பணிவாகப் பேசுவான். பத்தொன்பது வயதில் என்னை அவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். எங்கள் பக்கத்துத் தறி, தரையில் குழி வெட்டிப் போடுகிற தறி. நெய்கிறவர் பலகையில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிப்பார். ஒரு நாள் குழம்பில் உப்பு அதிகம் என்று என்னை அந்தக் குழிக்குள் இறக்கிவிட்டு, மேலே உட்கார்ந்து நெய்ய ஆரம்பித்தான். அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. அவன் காலுக்குப் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் மிதியில் இருக்கிற கால் என் மேல் வரும். விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து, சாப்பாடு போடு என்றான். அதற்கப்புறம் உப்பு சரியாக இருந்த நாட்களிலும் குழிக்குள் இறங்கினேன். ஒரு விடியற்காலை, பால் வாங்கி வருகிறேன் என்று தூக்குவாளியோடு கிளம்பி, அதே வாளியோடு எங்கள் அப்பா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

பிறகு கேஸ் நடந்தது. நடந்தது என்றுதான் சொல்ல முடியும், எனக்கு அதைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அவன் தேடி வருவான் என்று பயந்து என்னைக் கூரத்தில் அத்தை வீட்டில் வைத்திருந்தார்கள். அப்பா ஒரு வக்கீலைப் பிடித்தார். காகிதங்கள் வரும், அப்பா விரல் வைத்த இடத்தில் நான் கையெழுத்துப் போடுவேன். ஒரே ஒரு தடவை கோர்ட்டில் ஏறி நின்று, கேட்டதற்கு ஏதோ பதில் சொன்னேன். எதிரில் அவன் நிற்கிறான் என்பதைத் தவிர அன்றைக்கு வேறு எதுவும் என் காதில் விழவில்லை. என்னை அவனிடமிருந்து அத்துவிடுவதற்கான கேஸ் என்றுதான் வீட்டில் எல்லோரும் பேசிக்கொண்டோம். தீர்ப்பு நாளன்று அப்பா மட்டும் போனார். சாயங்காலம் கூரத்துக்கு பஸ் ஏறி வந்தார். கையில் பாதுஷா பொட்டலம். வாசலிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"தள்ளுபடி ஆயிடுச்சும்மா. உன்னை விட்டுட்டாங்க. இனிமே எவனும் வந்து கேக்க முடியாது."

அத்தை அழுதாள். நான் பாதுஷா தின்றேன்.

இரண்டு வருஷம் கழித்து என் வீட்டுக்காரரைக் கட்டிக்கொண்டேன். கல்யாணமான புதிதில் ஒரு மத்தியானம், கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் கரும்புச் சாறு வண்டியை ஒட்டி அவன் நிற்பதைப் பார்த்தேன். சாறு வாங்கவில்லை. என் கழுத்தில் இருந்த தாலியைப் பார்த்தான், என் முகத்தைப் பார்த்தான், சிரித்தான். கோபமே இல்லாத சிரிப்பு. பிறகு போய்விட்டான். அந்த மாதமே நாங்கள் வீடு மாற்றினோம். ஊருக்கு வெளியே, திருப்பருத்திக்குன்றம் போகிற ரோட்டில், ஒரு சந்துக்குள் போனோம். கடையில் ஒருத்திக்கும் என் புது விலாசத்தைச் சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு ஏன் என்று எனக்கு விளங்காமலே இருந்தது. தோற்றவன் எதற்குச் சிரிக்க வேண்டும்?

பதிவு அலுவலகத்துக்குப் போய் வந்த மறுநாள், கடையில் ஸ்டாக் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனில் தேடினேன். கோர்ட்டு இணையதளத்தில் வழக்கு எண் இருந்தால் உடனே கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். எண் என்னிடம் இல்லை. எண் இல்லாவிட்டால் கட்சிக்காரர் பெயரையும் வருஷத்தையும் போட்டுத் தேடலாம். என் பெயரை இங்கிலீஷில் பல விதமாக எழுதலாம். எந்த எழுத்தில் எழுதினார்களோ தெரியாது. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். நெளிந்து நெளிந்து வருகிற எழுத்துக்களைப் பார்த்து அடிக்கச் சொல்கிறது, அதிலும் இரண்டு தடவை தப்பு. கடைசியில் வரிசையாகப் பெயர்கள் வந்தன. என் பெயருள்ள பெண்கள் இத்தனை பேர் எங்கள் மாவட்டத்தில் புருஷனோடு கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்களா என்று ஒரு நிமிஷம் மலைத்துப் போனேன். கீழே தள்ளிக்கொண்டே வந்தபோது என் பெயருக்குப் பக்கத்தில் அவன் பெயர் இருந்தது.

எழுத்தில்தான் பார்த்தேன், ஆனாலும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். மறுபடி எடுத்து அழுத்தினேன். வழக்கு முடிந்தது என்று இருந்தது. எப்படி முடிந்தது என்கிற இடத்தில் டிஸ்மிஸ்டு என்று ஒரே சொல். எங்களுக்குத் தெரிந்து டிஸ்மிஸ் என்றால் வேலையை விட்டுத் தூக்குவது. போனிலேயே தமிழில் என்ன என்று கேட்டேன். தள்ளுபடி செய்யப்பட்டது என்று வந்தது.

அப்பா சொன்ன அதே வார்த்தை. அந்த ஸ்டாக் ரூமில் புடவை அடுக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு அதை முதல் தடவையாக நிதானமாகப் படித்தேன். மனு தள்ளுபடி. கடன் இல்லை, விலை இல்லை, மனு. அத்துவிடச் சொல்லி நான் போட்ட மனுவைத் தள்ளியிருந்தால், என்னை அத்துவிடவில்லை. அத்துவிடாவிட்டால் நான் இன்னும் அவன் பெண்டாட்டி. என் பையன், என் வீட்டுக்காரர், ரேஷன் கார்டில் இருக்கிற என் பெயர் எல்லாம் என்ன ஆகும்? வெளியிலிருந்து யாரோ, மாம்பழக் கலரில் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டு வா என்று கத்தினார்கள். எடுத்துக்கொண்டு போனேன். கல்யாணப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். அவள் தோளில் புடவையைப் போட்டுக் காட்டிவிட்டு நான் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டதைப் பார்த்து, ஏசி அதிகமாக இருக்கிறதா அக்கா என்று கேட்டாள்.

வீட்டில் சொல்லவில்லை. அவர் நல்ல மனுஷர். நல்ல மனுஷரிடம் இதை எந்த வாயால் சொல்வது? முதலில் அப்பா பிடித்த வக்கீலைத் தேடிப் போனேன். அவர் காலமாகிவிட்டார், ஆபீஸ் இருந்த மாடியில் டியூஷன் சென்டர் நடக்கிறது. பழைய கேஸ் கட்டுகள் எங்கே போயின என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோர்ட்டில் விசாரித்தேன். அந்த வருஷங்களில் எங்கள் ஊரும் செங்கல்பட்டும் ஒரே மாவட்டமாக இருந்தன, குடும்ப வழக்குகள் செங்கல்பட்டில் நடந்தன, மாவட்டம் பிரிந்த பிறகு சில கட்டுகள் இங்கே வந்திருக்கும், சில அங்கேயே இருக்கும் என்றார்கள். உங்கள் போனில் கோர்ட்டு பெயர் போட்டிருக்குமே, அதைப் பாருங்கள் என்றார்கள். போட்டிருந்தது. பயத்தில் ஒரு சொல்லைத் தவிர வேறு எதையும் நான் படித்திருக்கவில்லை. செங்கல்பட்டு.

உடம்பு சரியில்லை என்று கடைக்குச் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மாகறல் பக்கம் போகிற பஸ்ஸும் அதே இடத்தில்தான் நிற்கும். அதற்காகவே வருஷக்கணக்காக நான் பஸ் ஏறுவதைத் தவிர்த்து வந்திருந்தேன். முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு தூணுக்குப் பின்னால் நின்றேன். எனக்கு முன்னால் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அதே பிடரி, முடிக்குக் கீழே அதே மடிப்பு. பிடரிதான் எனக்கு நன்றாகத் தெரியும்; முகத்தைப் பார்க்கப் பயந்து, அவன் குனிந்து நெய்கிறபோது பின்னாலிருந்து நான் பார்த்தது அதைத்தான். தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டேன். அவன் திரும்பினான். யாரோ ஒரு ஆள், வாயில் வெற்றிலை, கையில் பேத்திக்கு வாங்கிய பலூன். செங்கல்பட்டு பஸ் வந்தது. ஏறி ஜன்னல் இல்லாத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்தேன்.

நகல் பிரிவு ஜன்னல் கொஞ்சம் தாழ்வு. குனிந்துதான் பேச வேண்டும். உள்ளே கண்ணாடி போட்ட ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். போனைக் காட்டி, இந்த கேஸில் தீர்ப்பு நகல் வேண்டும் என்றேன். நகல் மனு எழுத வேண்டும், கோர்ட்டு வில்லை ஒட்ட வேண்டும், ஆதார் ஜெராக்ஸ் வைக்க வேண்டும் என்று ஒன்றொன்றாகச் சொன்னார். வழக்கில் சம்பந்தப்பட்டவர் கேட்டால் இவ்வளவு போதும். மூன்றாம் மனிதர் கேட்டால் எதற்கு என்று காரணம் காட்டித் தனியாக மனு போட்டு அனுமதி வாங்க வேண்டுமாம். எனக்கு அதில் பாதிதான் நிம்மதி. அவனும் சம்பந்தப்பட்டவன். நான் வந்து கேட்டது அவனுக்குத் தெரியுமா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன். நகல் வாங்குவதற்கு யாருக்கும் நோட்டீஸ் போகாது என்றார். பிறகு மனுவை என் பக்கம் திருப்பி, ஓர் இடத்தில் பேனாவை வைத்துக் கேட்டார்.

"நீங்க மனுதாரரா, எதிர்மனுதாரரா?"

மனுதாரர் என்றேன். அவர் எண்ணைத் தட்டிப் பார்த்தார். தலையை ஆட்டினார்.

"இல்லம்மா. இதுல நீங்க எதிர்மனுதாரர். அவருதான் போட்டிருக்காரு."

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. மனு போட்டவன் அவன். தள்ளுபடியானது அவன் மனு. தோற்றது அவன் என்றால் ஜெயித்தது நான், என்னை அத்துவிட்டுவிட்டார்கள். நான் அந்த ஜன்னலில் சிரித்துவிட்டேன். பின்னால் நின்ற வக்கீல் குமாஸ்தா கொஞ்சம் தள்ளி நின்றார். எதிர்மனுதாரர் என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். நோட்டீஸ் போர்டில் உங்கள் நம்பர் ஒட்டினதும் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து டீயும் பஜ்ஜியும் சாப்பிட்டேன். வீட்டுக்குப் போனதும் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயந்ததை, பொய் சொன்னதை, பஸ் ஸ்டாண்டில் நின்றதை. தனியாகவா போய் வந்தாய் என்று மட்டும் கேட்டார். அப்பா சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், நான்தான் கழுதை மாதிரிக் குழம்பிவிட்டேன் என்றேன். தினமும் எழுந்து எழுந்து இழுத்துப் பார்க்கிற தாழ்ப்பாளை, பல வருஷங்களுக்குப் பிறகு அன்று ராத்திரி ஒரு தடவை மட்டும் போட்டுவிட்டுப் படுத்தேன்.

நகல் வாங்க அடுத்த முறை அவரும் கூட வந்தார். வெளியே மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். தீர்ப்பு தமிழில்தான் இருந்தது. பாஷை மட்டும் மொடமொடப்பாக இருந்தது. குழியைப் பற்றி நான் சொன்னது அதில் இருந்தது. சொன்னேனா என்று எனக்கே சந்தேகமாக இருந்த வார்த்தைகளை யாரோ கவனமாகக் கேட்டு எழுதியிருந்தார்கள். சாட்சி நம்பத்தகுந்ததாக உள்ளது என்று ஓர் இடத்தில் இருந்தது. அதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. பிறகு கடைசிப் பக்கம். எதிர்மனுதாரர் தன்னுடன் சேர்ந்து வாழ உத்தரவிடக் கோரி மனுதாரர் தாக்கல் செய்த மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. அதற்குக் கீழே கையெழுத்து, முத்திரை. அவ்வளவுதான்.

முதல் பக்கத்திலிருந்து மறுபடி பார்த்தேன். ஒரு வார்த்தையைத் தேடினேன். விவாகரத்து. அது எங்கேயும் இல்லை. அவரிடம் கொடுத்தேன், அவரும் விரலை வைத்து வரி வரியாகத் தேடினார். இல்லை.

மறுபடி ஜன்னலுக்குப் போனேன். இதோடு சேர்த்து நான் போட்ட மனு ஒன்று இருக்கும், அதன் நகலும் வேண்டும் என்றேன். என் குரல் எனக்கே அதட்டலாகக் கேட்டது. அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் பார்த்தார். அந்த வருஷம், அதற்கு அடுத்த வருஷம் எல்லாம் பார்த்தார். பதிவறைக்கு ஆள் அனுப்பிப் பழைய பதிவேட்டையும் பார்க்கச் சொன்னார். நாங்கள் காத்திருந்தோம். வந்தவர் கையை விரித்தார்.

"உங்க பேர்ல வேற மனுவே இல்லம்மா," என்றார் அந்த அம்மா. "இதுல உங்களைச் சேரச் சொல்லல, அவ்ளோதான். பிரிக்கல."

அப்போதுதான் கரும்புச் சாறு வண்டிக்குப் பக்கத்தில் நின்ற அந்தச் சிரிப்பு எனக்கு விளங்கியது. மனு போட்டவன் அவன். அவன் வக்கீல் அவனுக்கு எடுத்துச் சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் பாதுஷா தின்றுகொண்டிருந்தபோதே அவனுக்குத் தெரியும். என் கழுத்தில் இன்னொருவர் கட்டிய தாலியைப் பார்த்தபோது தெரியும். குழிக்குள் என்னை உட்கார வைத்துவிட்டு நிதானமாக நெய்தவன் அவன். இத்தனை வருஷமும் மேலேதான் உட்கார்ந்திருந்திருக்கிறான், நான்தான் வெளியே வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. செத்துப்போன மனுஷனை அந்த மரத்தடியில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். பிறகு அவர் அந்தப் பொட்டலத்தோடு வாசலில் நின்ற நிற்பு ஞாபகம் வந்து அழுதேன். சொசைட்டிக் கடன் தள்ளுபடியானபோதும் அவர் அதே முகத்தோடுதான் வீட்டுக்கு வந்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் தீர்ப்பை மறுபடி முதல் பக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வந்தார். ஒரு ஒயரைத் தொடுவதற்கு முன்னால் மெயின் ஆஃப் என்று யார் சத்தியம் செய்தாலும் நம்பாமல், டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடுகிற ஆள் அவர். வாலாஜாபாத் தாண்டிய பிறகு சொன்னார்.

"லைன் ஆஃப்ல இருக்குதுன்னு நெனச்சிக்கினு இத்தினி வருஷமா கை வச்சிக்கினு இருந்திருக்கோம்மா."

அதைக் கேட்டதும் எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. அவர் பயந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊரிலேயே ஒரு வக்கீலம்மாவைப் பார்த்தோம். சின்ன வயசு, ஆனால் நிதானமாகப் பேசுகிறவர். தீர்ப்பைப் படித்துவிட்டு நேராகச் சொன்னார். நான் சட்டப்படி இன்னும் அவன் மனைவி. இப்போதைய கல்யாணம் செல்லாது. பையனுக்கு ஒன்றும் ஆகாது, குழந்தையைச் சட்டம் காப்பாற்றும்; அதைக் கேட்டு நான் முதல் தடவையாக முழு மூச்சு விட்டேன். ஆனால் அவன் நினைத்தால் இரண்டாம் கல்யாணம் செய்துகொண்டதாக என் மேல் புகார் கொடுக்கலாம். இத்தனை நாள் ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டேன். கையில் வைத்திருக்கிற வரைக்கும்தானே அதற்கு மதிப்பு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அவர் முகம் அப்படித்தான் சொன்னது. இனி நான் விவாகரத்துக்கு மனு போட வேண்டும். பழைய தீர்ப்பில் குழியைப் பற்றி எழுதியிருப்பது எனக்குப் பலம். விடுதலை வந்த பிறகு நாங்கள் இரண்டு பேரும் மறுபடி கல்யாணம் செய்து பதிவு செய்ய வேண்டும். மஸ்கட் காத்திருக்காது என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை.

"மறுபடியும் கல்யாணப் பொடவை எடுக்கணுமா?" என்று என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "இந்தத் தடவ தள்ளுபடி இல்லாத கடையா பாத்து எடுப்போம்."

வக்கீலம்மா சிரித்தார். நானும் சிரித்தேன், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ஏனென்றால் வக்கீலம்மா அடுத்து சொன்னது இது: மனு போட்டால் அவனுக்கு நோட்டீஸ் போகும். நோட்டீஸோடு மனுவின் நகலும் போகும். மனுவின் முதல் பக்கத்தில் மனுதாரர் பெயரும் விலாசமும் இருக்கும்.

கடை விலாசத்தைக் கொடுக்கிறேன் என்றேன். அத்தை வீட்டு விலாசம் கொடுக்கிறேன், செத்துப்போன அப்பா வீட்டு விலாசம் கொடுக்கிறேன் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். நான் இங்கே குடியிருக்கிறேன் என்பதால்தான் இந்த ஊர்க் கோர்ட்டில் மனு போட முடிகிறது என்று விளக்கினார். கோர்ட்டில் பாதுகாப்பு கேட்கலாம், அவன் வந்து தொந்தரவு செய்தால் அதற்கும் தனியாக உத்தரவு வாங்கலாம், அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் விலாசம் மட்டும் உண்மையாக இருக்க வேண்டும்.

"பொய் விலாசம் குடுத்தா அவங்க வக்கீல் அதையே புடிச்சிப்பாருக்கா. உங்க மனு தள்ளுபடி ஆயிடும்."

அந்த வார்த்தையை அவர் ரொம்ப சாதாரணமாகத்தான் சொன்னார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டார். பக்கத்து மேஜையில் குமாஸ்தா கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு, மனுதாரர் என்று அடித்தார், அதற்கு நேராக என் பெயரை அடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் அந்தப் பக்கத்தில் இருந்தேன். விலாசம் சொல்லுங்கம்மா என்றார்.

கதவு எண் சொன்னேன். சந்தின் பெயர் சொன்னேன். தபால்காரர் தடுமாறக்கூடாது, அடையாளம் ஏதாவது சொல்லுங்கள் என்றார். திருப்பருத்திக்குன்றம் போகிற ரோடு, ரேஷன் கடையைத் தாண்டி இரண்டாவது திருப்பம், பச்சை கேட், வாசலில் முருங்கை மரம் என்று சொன்னேன். அவர் அடித்து முடித்து, ஒரு தடவை எனக்குப் படித்துக் காட்டினார். ஒரு எழுத்துத் தப்பில்லை. அவன் கண்ணை மூடிக்கொண்டு வந்துவிடலாம்.